சொட்டு சிஸ்டர் ஓடிய ஓட்டம்

ராஜபாளையத்தில் ஓடுகிற எதையும், என் மச்சான் வாய் உட்பட, நிறுத்தக்கூடிய ஒரே மனுஷி சொட்டு சிஸ்டர்தான். சொந்தப் பெயர் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கே தெரியாது. மருந்துச் சொட்டு எண்ணுவதிலிருந்து சாப்பாடு வரை எல்லாவற்றிலும் அத்தனை நிதானம். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் அடுத்த துண்டுக்குள் சட்னி காய்ந்துவிடும். அவர் ஸ்கூட்டரைத் துரத்தும் நாய்கள் அலுத்துப்போய்க் கூடவே நடந்து வரும்.

போன வருஷம் என் மனைவி முத்துலட்சுமி வயிற்றுப்போக்கில் சுருண்டு விழுந்தபோதுதான் அவரிடம் சிக்கினேன். உடம்பில் பொட்டாசியம் ரொம்ப இறங்கிவிட்டது, பாட்டிலில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். "வேகமா ஏறிட்டா ஹார்ட்டையே நிறுத்திரும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வேகத்தை அளந்து விடும் மெஷின் வேறொரு நோயாளிக்கு மாட்டியிருந்தது. அதனால் சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பாட்டிலருகே தூக்கிப் பிடித்து, உதடு அசைய எண்ணினார். குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை மயிரிழை திருப்பினார். மறுபடி எண்ணினார். பிறகு சக்கரத்தின்மேல் பிளாஸ்டர் ஒட்டி, சிவப்பு ரிப்பன் சுற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சடை கட்டுவதுபோல் முடிச்சுப் போட்டார்.

"ரிப்பன் எதுக்கு சிஸ்டர்?"

"சொந்தக்காரவுக பாக்க வருவாகல்ல அண்ணாச்சி, அதுக்கு."

கட்டிவிட்டு நிம்மதியாகப் போகிற ஆளுமில்லை. செத்த நேரத்துக்கு ஒருதரம் வந்து, "கை எரியுதா தாயி? நெஞ்சு படபடங்குதா?" என்று கேட்பார். எனக்குத்தான் படபடத்தது. ஒரு சொட்டு விழுந்தால் அடுத்தது வருமா என்று பயம். வந்தால், சீக்கிரம் வந்துவிட்டதோ என்று பயம்.

"சிஸ்டர், வேகமா விழுத மாதிரி இருக்கே."

"உங்க கண்ணுதான் வேகமா துடிக்குது. போயி டீ குடிச்சிட்டு வாங்க."

போனேன். அந்த நேரம் பார்த்து முத்துலட்சுமியின் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார். பட்டாளத்தில் இருந்தவர். வயிற்றுப்போக்குக்காரிக்குக் கையில் பால்கோவா. நம் பக்கத்து ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடுகூட வருவார்கள். அந்தச் சக்கரத்தைத் தொடாமல் மட்டும் போகமாட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது ரிப்பன் கட்டிலில் கிடந்தது. சொட்டு கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான் பண்ணுனீக?"

"இம்புட்டு இம்புட்டா விட்டா எப்ப ஏறி முடிக்க மாப்ள? தொறந்து விட்டுருக்கேன். தங்கச்சி எந்திச்சிருவா பாரு."

"கை எரியுது" என்றாள் முத்துலட்சுமி. சிஸ்டரைக் கூப்பிடக் கதவுப் பக்கம் திரும்பினேன்.

வராந்தாக் கோடியில் இட்லியோடு உட்கார்ந்திருந்தவருக்கு, சக்கரத்தில் சிவப்பு இல்லாதது கதவு வழியே தெரிந்திருக்கிறது. ஓடி வந்தார். சொட்டு சிஸ்டர் ஓடுவதை அன்றுதான் அந்த ஆஸ்பத்திரி பார்த்தது. தட்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். சக்கரத்தை மூடி, டாக்டருக்குக் குரல் கொடுத்து, நெஞ்சில் ஒயர் மாட்டும்வரை முத்துலட்சுமியின் நாடியை விடவில்லை. காகிதத்தில் ஓடிய கோட்டை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த நேரம், நான் கும்பிடாத சாமியில்லை.

"பயமில்ல. கொஞ்சந்தான் போயிருக்கு" என்றார் டாக்டர்.

சிஸ்டர் மச்சானிடம் திரும்பினார். "இது என்ன வாய்க்காலா, மடையத் தொறந்து விட? உள்ள இருக்கது உங்க தங்கச்சி." மச்சான் அட்டென்ஷனில் நின்றார்.

மறுபடி எண்ணி, மறுபடி ரிப்பன். ஒரு வழியாகப் பாட்டில் காலியானது. மச்சான் தயங்கித் தயங்கி சிஸ்டரிடம், "கழட்டிரலாமா தாயி?" என்றார்.

"பாட்டில்தான் காலி. குழாய்க்குள்ள மருந்து நிக்குதுல்லா? அத ஒரேயடியா தள்ளுனா மறுபடி அதே கததான்." வெறும் உப்புநீர்ப் பாட்டிலை மாட்டி, அதையும் அதே நடையில் விட்டார். டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். கால் வெறுங்காலாக இருந்தது.

அதைக் கவனித்த மச்சான் வராந்தாவுக்குப் போய், செருப்பைத் தேடி எடுத்து, குனிந்து அவர் காலடியில் வைத்தார். சக்கரத்தைத் திருகியதற்கு மச்சானை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தச் செருப்பை எனக்கு முந்தி எடுத்துவிட்டாரே, அந்தக் கோபந்தான் இன்னும் ஆறவில்லை.