வெள்ளிக்கிழமை போட்ட டிரைவர்

படித்துவிட்டால் சாஸ்திரம் சம்பிரதாயம் எல்லாம் விட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நான்கு வருடம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவன். சர்வரை நல்ல நேரம் பார்த்துத் தொட்டு, அத்தை கடையின் முகூர்த்த வியாபாரம் ஒன்றை முழுசாகக் கவிழ்த்தவனும் நானேதான்.

ஆரணியில் என் அத்தை பட்டுப்புடவைக் கடை நடத்துகிறார். பில் போடும் சாப்ட்வேர் மாடியில் ஒரு சர்வரில் ஓடும். எந்தப் புடவை என்ன விலை என்கிற பட்டியல் இன்னொரு கம்ப்யூட்டரில், டேட்டாபேஸாக இருந்தது. இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் டிரைவர் என்று ஒரு சின்ன ஃபைல் வேண்டும் (சம்பந்தம் பேசும் தரகர் மாதிரி). ஒரு வியாழன் ராத்திரி கடை மூடியதும் டேட்டாபேஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றியாகிவிட்டது, பழைய டிரைவருக்கு அதன் பாஷை புரியாது. புது டிரைவரைப் போட வேலூரிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றார் அத்தை. நான் வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்வேன் என்று வீட்டில் காட்டியாக வேண்டும். பத்து நிமிட வேலை, நானே முடிக்கிறேன் என்று மார் தட்டினேன்.

காலண்டரைப் பார்த்தேன். வெள்ளி காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம். அதே காலண்டரைத்தான் கல்யாண வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள், அதே நேரத்துக்குத்தான் முகூர்த்தப் புடவை எடுக்க வருவார்கள் என்பது இந்த மூளைக்கு எட்டவில்லை.

நல்ல நேரம் பிறந்ததும் சர்வரை நிறுத்தி, புது ஃபைலை அதற்குரிய ஃபோல்டரில் போட்டேன். பழைய ஃபைலை எடுத்துவிட வேண்டும் என்று கூட வந்த குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தது. டெலீட் பட்டன் வரை போன விரல் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ஆயிற்றே. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை குப்பையைக்கூட வெளியே கொட்ட மாட்டார்கள், லட்சுமி போய்விடுவாள். சனிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று அதையும் அங்கேயே விட்டுவிட்டு சர்வரைக் கிளப்பினேன்.

அதற்குள் கீழே போளூரிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து இறங்கியிருந்தது. அரக்கு நிறப் புடவை ஒன்று மணப்பெண்ணுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. டேக்கை ஸ்கேன் செய்தால் விலை வரவில்லை. டேக்கில் வெறும் கோடுகள்தான், விலை கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும் (இந்த நவீன ஏற்பாட்டை சிபாரிசு செய்ததும் அடியேன்தான்).

மாடியில் நான் மல்லுக்கட்டினேன். நிறுத்தினேன், கிளப்பினேன். ஒவ்வொரு முறையும் சர்வர் எழுந்திருக்க ஐந்து நிமிடம். மூன்றாவது முறையும் டிரைவர் சரியில்லை என்றே சொன்னது. உயிரே போனாலும் வேலூர் ஆளுக்கு போன் போடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது முறை நிறுத்தினேன்.

பத்து இருபத்தைந்துக்கு அத்தையே மூச்சிரைக்க மாடியேறி வந்தார். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் புடவை கைக்கு வராவிட்டால் பெண்ணின் அம்மா கிளம்பிவிடுவாராம். என்னதான் சிக்கல் என்று கேட்டார். பழசும் புதுசும் ஒரே இடத்தில் இருக்கின்றன, சர்வர் பழசையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்றேன். வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எனக்கே புரிந்தது.

“பழச ஏன்டா இன்னும் உள்ள வெச்சிகினு கீற?”

“வெள்ளிக்கிழமை அத்தை...”

அத்தை அதற்கு முன் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. “அது இன்னா குத்துவிளக்கா? எடுத்துப் போடுடா.”

அப்போதும் டெலீட் செய்ய மனம் வரவில்லை. பக்கத்து ஃபோல்டருக்கு மாற்றினேன் (வீட்டை விட்டு வெளியே போகவில்லை, அறைதான் மாறியது). விலை பளிச்சென்று திரையில் வந்தபோது மணி பத்து முப்பத்திரண்டு. கீழே எட்டிப் பார்த்தேன். கோஷ்டி போய்விட்டிருந்தது.

நான் விடுவதாக இல்லை. விலையை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். போளூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் பெண்ணின் அம்மா. சீட்டை நீட்டினேன்.

“ராகு காலத்துல வெல பேச மாட்டோம் தம்பி,” என்று சொல்லிவிட்டு ஜன்னலை இழுத்து மூடினார். பின்னால் உட்கார்ந்திருந்த மணப்பெண் மட்டும் சீட்டைப் படிக்கக் கழுத்தை நீட்டினாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

திரும்பி வந்தபோது அத்தை அந்த அரக்குப் புடவையைத் தன் கையாலேயே மடித்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கடையில் சர்வர் வேலை எல்லாம் ராகு காலத்தில்தான் நடக்கிறது. ஒரு ஈ காக்காகூட அப்போது புடவை எடுக்க வராது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் கல்யாணத்தில், நான் தாலியைக் கையில் வாங்கிய நேரம், மணப்பெண் காதில் நன்றாக விழும்படி அத்தை சொன்னார்: “பழசு எதுனா உள்ள இருந்தா இப்பவே எடுத்துட்றா. ரெண்டும் இருந்தா ஒண்ணும் வேலைக்காவாது.”

சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. அது ஒரு கம்ப்யூட்டர் விஷயம் என்று அன்று மணமேடையில் விளக்க ஆரம்பித்தேன். ஆறு வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்.