ஏஞ்சல் சார் வீட்டு சாட்டிங்

சொந்த மனைவியோடு பேசுவதற்காக ஒரு கம்பெனியில் பணம் போட்ட மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் ஏஞ்சல் சார் ஒருவர்தான்.

முளைவிடும் கம்பெனிக்குப் பணம் போடுபவரை ‘ஏஞ்சல்’ என்பார்கள். அதை யாரோ சொல்லிவிட, டில்லி ஜனக்புரியில் அவர் பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாள் “நமஸ்தே ஏஞ்சல்ஜி” என்று கும்பிட ஆரம்பித்து, அதுவே அவர் பெயராகிவிட்டது. பேங்க் வேலையை முன்னதாகவே விட்டு, வந்த பணத்தை முனிர்கா மாடியறையில் நாங்கள் நான்கு பேர் நடத்திய சாட்டிங் கம்பெனியில் போட்டார். “இன்டர்நெட் வந்தாச்சு. இனிமே டில்லியில யாரும் வாயத் திறக்கவே வேணாம்!” என்று பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்வார்.

அவர் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று ஹாலில், மற்றது படுக்கையறையில். நடுவே சமையலறை வழியாக, கடுகு டப்பாவை உரசிக்கொண்டு ஒரு வயர்.

“கூப்பிட்டா கேக்கற தூரம்தானே சார்?”

“அரே, டெஸ்டிங் பண்ண வேணாமா?”

சர்வர் படுத்துவிட்டால் உடனே போன் வரும். “ஜல்தி சரி பண்ணுப்பா. உப்பு போதுமான்னு அவ கேட்டா, பதில் போக மாட்டேங்குது.”

ஒருநாள் முனிர்கா டீக்கடையில் அவரே சொன்னார். “எங்க பையன் ரகுவுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்தது நான்தான். அதுல அடிபட்டுத்தான் போயிட்டான். அன்னையிலேர்ந்து அவ எங்கிட்ட பேசறதில்ல. இப்ப டைப் பண்றா. அது போதும்.” நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

அடுத்த வருடமே இன்டர்நெட் கம்பெனிகள் ஊர் முழுக்கச் சரிந்தன. எங்களுடையதும் மூழ்கியது. “ஒரே ஒரு மெஷின மட்டும் விட்டு வைக்கக் கூடாதா?” என்று கேட்டார். அவர்கள் இருவருக்காக மட்டும் கொஞ்ச நாள் ஓட்டினோம். பிறகு மாடியறை வீட்டுக்காரர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்.

நேரில் சொல்லலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹாலில் சார் ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார். “இனிமே வராது சார்” என்றேன். கேட்காதவர் போலத் தட்டினார். படுக்கையறையிலிருந்து அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, எழுந்து வந்து அவர் பின்னால் நின்றார்.

“ரகு இருந்தா சரி பண்ணியிருப்பான்.”

எத்தனையோ நாளாகக் கேட்காத குரல். சார் திரும்பாமலே, “ஆமா” என்றார்.

“நீங்க வாங்கித் தராட்டியும் அவனே வாங்கியிருப்பான். பிடிவாதக்காரன்.”

சார் கீபோர்டு மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆன்ட்டி அங்கேயே நின்றார். நான் வயரைப் பார்ப்பது போல மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன்.

கிளம்பும்போது சார் வாசல்வரை வந்தார். போட்ட பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. “ரோட்டப் பாத்துப் போப்பா. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு.”

முனிர்காவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தேன். ஆன்ட்டிதான் எடுத்தார்.

“இருப்பா, குடுக்கறேன்... ஏங்க! உங்களத்தான்! அந்தத் தம்பி போய்ச் சேர்ந்துட்டானாம்!”

ரிசீவரை வைக்க மனம் வரவில்லை. மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.