கோடரிக்காரன் எனக்காகக் காத்திருந்த காலம்

சுலபமாக ஜெயிக்கிறவனுக்கு அது சுலபம் என்று தெரியாது. தெரிந்தால் அவ்வளவு வாய் பேசமாட்டான். நான் இரண்டு வருடம் பேசினேன். லயத்தில் பேசினேன், பஸ்ஸில் பேசினேன், கோயில் வாசலிலும் பேசினேன். கேட்டவர்களில் ஒருத்தராவது என் வாயில் ஒன்று போட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்று எங்களுடையது. அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கும் வேலை, அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில். நான் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் எட்டு மாதம் நின்றுவிட்டு, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தேன். தங்கச்சி தர்ஷினி பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சின்னம்மா மகன் கத்தாருக்குப் போனான். போகும்போது அவனுடைய பழைய கேம் பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அதோடு ஒரே ஒரு ரிமோட். (கையில் பிடித்து விளையாடும் அந்தச் சாமானுக்கு வேறு பெயர் இருக்கிறது. எங்கள் லயத்தில் எல்லாமே ரிமோட்தான்.)

பெட்டிக்குள் ஒரு வாள் சண்டை விளையாட்டு இருந்தது. எரிந்துபோன ஒரு கோட்டை. உள்ளேயும் வெளியேயும் எலும்புக்கூட்டுப் படை. கோட்டை வாசலில் ஒரு ராட்சசன், கையில் கோடரி. அவனை வெட்டினால்தான் உள்ளே போகலாம்.

முதல் நாள் அந்தக் கோடரிக்காரன் என்னைப் பதினொரு தரம் கொன்றான். பன்னிரண்டாவது தரம் ரிமோட்டைச் சுவரில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டேன். மறுநாள் உட்கார்ந்தேன், ஒரே வெட்டு, ஆள் காலி! ராத்திரி முழுக்கத் தூங்கியதில் மூளை தெளிந்து, கை பழகிவிட்டது என்று நினைத்தேன். (நினைப்புதான்.) அதற்குப் பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. கோடரிக்காரன் கோடரியைத் தூக்கினால், விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி எல்லாருடைய பேரையும் கூப்பிட்டு முடிக்கிற நேரம் அப்படியே தூக்கிக்கொண்டு நிற்பான். நான் பின்னால் போய் ஒரே வெட்டு வெட்டுவேன். எலும்புக்கூடுகள் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற மாதிரி ஒவ்வொன்றாக வரும். ஒரே வாரத்தில் கோட்டை என்னுடையது.

தங்கச்சியும் விளையாடுவாள். பெட்டிக்குள் அவளுக்கென்று தனிக் கணக்கு, அவள் ஆட்டம் வேறு, என் ஆட்டம் வேறு. அதே கோடரிக்காரனிடம் அவள் நாற்பது தரம் செத்தாள். செத்துச் செத்து எழும்பி, ஒரு கொப்பியில் என்னமோ எழுதிக்கொள்வாள். அவன் இடது காலை வைத்தால் குறுக்கு வெட்டு, வலது காலை வைத்தால் நேர் வெட்டு என்று. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரிப்பேன்.

"ஏய், விளையாட்டுக்கு நோட்ஸ் எடுக்கிற ஒரே ஆளு நீதான்டி."

"நீ ஒன் வேலயப் பாரு."

"அந்த ஆள நான் ஒரே வெட்டுல போட்டேன். ஒனக்கு மண்டைல என்ன, தேயிலத் தூளா இருக்கு?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அது எனக்குத் திமிராகத் தெரிந்தது.

இரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடியில் கேம் கடை திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எட்டு டீவி, எட்டுப் பெட்டி. வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நேரில் வந்து விளையாடிக் காட்ட வேண்டும். சம்பளம் பரவாயில்லை. எனக்குச் சம்பளத்தை விட, மழையில் நனையாத வேலை, யாரும் கத்தாத வேலை, என் ஊரிலேயே ஒரு வேலை என்பதுதான் பெரிதாகப் பட்டது. மறுபடியும் கொழும்புக்குப் போய் ஒரு கடைக்குப் பின்னால் மூட்டை மேல் படுத்துத் தூங்க என்னால் முடியாது.

ஆகவே, வேலை கிடைத்துவிட்டது என்று லயம் முழுக்கச் சொன்னேன். கிடைக்கப்போகிறது என்று சொல்லவில்லை. கிடைத்துவிட்டது என்றேன்.

விளையாடிக் காட்டப் போன அந்த நாளில் என்னோடு ஒரு வேன் நிறைய ஆள் வந்தார்கள். கோயில் தலைவர் ஒரு மாலையை ஷொப்பிங் பேக்கில் போட்டு மடியில் வைத்திருந்தார். கூட்டாளி பிரதீப்பும் இன்னும் நாலு பேரும். தப்பு அடிக்கிற இரண்டு பேர். (தப்புக்கு ஏற்பாடு செய்தது யார்? நான்தான். வேறு எந்தப் பைத்தியக்காரன் செய்வான்?) ஏதாவது படிவம் கொடுத்தால் நிரப்புவதற்குத் தங்கச்சி. அவள் அப்போது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

தப்புக்காரர்களைக் கீழே நிறுத்தி, "மேல சத்தம் கேட்டா அடிங்கண்ணே" என்று பிரதீப் சொல்லிவைத்தான்.

கடை முதலாளி ஹட்டனிலேயே பிறந்து வளர்ந்த சிங்களவர். தமிழ் தண்ணீர் மாதிரி வரும். ஆனால் எல்லாரையும் மல்லி, நங்கி என்பார். அவர் பாஷையில் தம்பி, தங்கச்சி.

"மல்லி, இந்த விளையாட்டு தெரியுமா?" என்று ஒரு டீவியைக் காட்டினார். அதே கோட்டை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முடிச்சு ரெண்டு வருசமாச்சு சார்."

"எதுல முடிச்சீங்க? நோர்மல்லயா, ஹார்ட்லயா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் கேட்க வேண்டும். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"ரெண்டுலயும்" என்றேன்.

பின்னால் நின்ற தங்கச்சி, "அண்ணே, இங்க வா, ஒரு நிமிசம்" என்றாள். நான் கையை உதறினேன்.

முதலாளி அதை நோர்மலில் வைத்துக் கொடுத்தார். கஷ்டமானதில் கூட இல்லை, நடுவில். கோடரிக்காரன் வாசலில் நின்றான். நான் ஸ்டைலாக, ஒரு கையை மட்டும் உபயோகித்து நடந்து போனேன். அவன் கோடரியைத் தூக்கினான். வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு நிற்பான் என்று நான் மெதுவாக அவன் பின்னால் நடந்தேன். அவன் நிற்கவில்லை. இறக்கினான்.

செத்தேன்.

"ரிமோட் புதுசு சார், கை பழகல" என்றேன். இரண்டாவது தரமும் செத்தேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றேன். மூன்றாவது தரம் கோடரிக்காரனுக்கு முன்னால் வந்த எலும்புக்கூடுகளே என்னைக் கொன்றன. அவை வரிசையில் வரவில்லை, சனிக்கிழமை சந்தையில் கோழிக்கடையைச் சுற்றிச் சனம் நிற்கிற மாதிரி மொத்தமாக வந்தன.

"அண்ணே, வட்டத்த அமுக்கு! வட்டத்த அமுக்குனா ஒதுங்கலாம்!"

இரண்டு வருடம் விளையாடியவனுக்கு அப்படி ஒரு பட்டன் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஒதுங்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

"நீ வாய மூடு!" என்று திரும்பிக் கத்தினேன். திரும்பிய நேரத்தில் நாலாவது தரமும் செத்தேன்.

பிரதீப்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சத்தம் கீழே போனது. கீழே இருந்தவர்கள், பாவம், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத் தப்பை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் சாமி ஊர்வலத்துக்கு அடிக்கிற அடி. பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் படியேறி வந்து எட்டிப் பார்த்தது. தப்புச் சத்தத்துக்குச் சரியாக நான் ஐந்தாவது தரமும் ஆறாவது தரமும் செத்தேன். எங்கள் ஊரில் சாவுக்கும் தப்புதான் அடிப்பார்கள். ஆகவே அடித்தவர்கள் மேல் தப்பில்லை.

முதலாளி நல்ல மனிதர். சிரிக்கவில்லை. ரிமோட்டை மெதுவாக வாங்கிக்கொண்டு, "நங்கி, ஒங்களுக்கு வெளயாடத் தெரியுமா?" என்று தங்கச்சியிடம் கேட்டார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். இவன்கிட்டயே நாப்பது தரம் செத்தவ" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். "ஹார்ட்ல வைக்கவா சார்? அதுலதான் எனக்குப் பழக்கம்" என்றாள்.

ஒரு தரம் செத்தாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது தரம் அவன் இடது காலை வைத்தபோது குனிந்தாள், வலது காலை வைத்தபோது ஒதுங்கினாள். நான் வெட்டுகிறவன். அவள் பார்க்கிறவள். கோடரி அவள் காதோரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அது நான் விளையாடிய விளையாட்டே இல்லை. எனக்கு அது தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு வேலை. அவளுக்குப் பயம் இருந்தது, கணக்கு இருந்தது, அவன் விழுந்தபோது மூச்சு வந்தது. கூட்டம் கை தட்டியது. கோயில் தலைவர் மாலையை வெளியில் எடுத்துவிட்டார்.

"நங்கி, திங்கக்கிழம வர முடியுமா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். சரி என்று சொல்ல அவளுக்கு என் அனுமதி தேவையில்லை. ஆனால் பார்த்தாள், அண்ணன் ஆச்சே.

"இல்ல சார். பொம்பளப் புள்ள, பூரா ஆம்பளப் பயலுக வார எடம். வீட்ல விடமாட்டாங்க" என்றேன்.

வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா விட்டிருப்பார்.

தலைவர் மாலையைத் திரும்பப் பையில் போட்டார். எல்லாரும் வேனில் ஏறினோம். பாதி வழியில் நான்தான் கேட்டேன், "என்னடி நடந்துச்சு அங்க?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "மொத நாள் நீ ரிமோட்ட செவுத்துல எறிஞ்சிட்டுப் போனல்ல? இவ்வளவு தரம் செத்தா, சுலபமாக்கவான்னு அந்த வெளயாட்டே கேக்கும். ஒன் கணக்குல ஆமான்னு அமுக்குனேன்."

"எதுக்குடி?"

"இருக்கிறது ஒரு ரிமோட். நீ ஒடச்சிட்டா நான் எதுல வெளயாடுறது?"

சாயங்காலம் அம்மா வேலை விட்டு வந்து, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். சுலபம், நோர்மல், கஷ்டம் என்றால் என்ன என்று தங்கச்சி விளக்கத் தொடங்கினாள். அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

"அதான் மலையிலயும் நடக்குதே. கங்காணிக்குப் புடிச்சவளுக்கு ரோட்டோரமா சமதரையில நெர. எனக்கு இருவது வருசமா பாறைக்கு மேலதான் நெர. சாயங்காலம் கொழுந்த நிறுக்கிறப்ப, அவ கெட்டிக்காரி, நான் சோம்பேறி." என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு இவ நல்ல நெரயா பாத்துக் குடுத்திருக்கா. நீ அதுல எடுத்துட்டு, இவளச் சோம்பேறின்னு சொல்லியிருக்க."

(நிரை என்றால் கொழுந்தெடுக்க ஒரு ஆளுக்கு ஒதுக்குகிற தேயிலை வரிசை. அதை ஒதுக்குவது கங்காணி.)

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "வேலய எதுக்குடா வேணாம்னு சொன்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது, சொல்லக்கூடியதாக இல்லை.

புதன்கிழமை அப்பா நேரில் போய் முதலாளியைப் பார்த்தார். முந்திய நாள்தான் கொட்டகலைப் பையன் ஒருவனை எடுத்துவிட்டாராம். அந்தப் பையன் இன்றைக்கு நுவரெலியாவில் திறந்த இரண்டாவது கடைக்கே பொறுப்பாளர். தங்கச்சி இரண்டு மாதத்தில் கட்டுநாயக்கவுக்கு, ஒரு காமண்டுக்கு, அதாவது துணி தைக்கிற ஃபேக்டரிக்குப் போனாள். எட்டுப் பேர் தங்குகிற அறை. கொழும்புப் பக்கம் போய் என்னால் படுக்க முடியாது என்று சொன்னேனே, அந்தப் படுக்கைதான். ஏழு வருடமாகிறது.

நான் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் வீட்டில் நான் எதைச் செய்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினாலும் ஒரே கேள்விதான். ஆட்டோ லைசன்ஸ் முதல் தரமே கிடைத்தபோது அப்பா கேட்டார், "யாருடா நெர குடுத்தது?" கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் உடனே சம்மதித்தபோது பிரதீப் பந்தலுக்குள் நின்று கத்தினான், "மாப்ள, யாரு நெர குடுத்தது?" இப்போது என் மனைவியும் கேட்கிறாள், நான் சோறு வடித்தால் கூட. தீபாவளிக்கு எல்லாரும் கூடினால் யாராவது ஒருத்தர் முழுக் கதையையும் ஆரம்பத்திலிருந்து சொல்வார்கள், தப்புச் சத்தத்தோடு.

அப்போது தங்கச்சியும் இருப்பாள், லீவில் வந்து. எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் மட்டும் இதுவரை ஒரு தரம்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.