ரப்பரால் தேய்க்கலாமா, மாப்பிள்ளை?

ரிங்லெட், மேல் டிவிஷன்
செவ்வாய்க்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை சசிதரன் அவர்களுக்கு, மாமனார் ராமையா தன் கைப்பட, பென்சிலால் எழுதுவது. நானும் உங்கள் அத்தை சாரதாவும் நலம். நலமில்லாதது நீங்கள் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்தான்.

தினமும் காலையில் சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் தன் நினைவை எண்ணிக்கொண்டே போய் 8192-இல் நிற்கும். முதியோர் வகுப்பில் சேர்ந்தபின் யார் துணையுமின்றி நான் வாசித்த முதல் எண் அது. சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தேநீரே குடிப்பேன். நேற்று 4096-இல் நின்றுவிட்டது. பாதியைக் காணோம்! நம் பேத்தி யுவனேஸ்வரி கல்யாணத்தில் நான் வாசிக்கவேண்டிய வரவேற்புரையை மூன்று மாதமாக ஒற்றை விரலால் தட்டி அதற்குள்தான் வைத்திருக்கிறேன். போனது எந்தப் பாதி? முதல் பாதியென்றால், சம்பந்தி வீட்டாரை வாங்க என்று சொல்லாமலே நன்றி சொல்லி அனுப்பிவிடுவேனே!

தோட்டத்தில் பனியில் நனைந்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள் அல்லவா, இதுவும் அப்படித்தான் கழிக்கிறது என்று நினைத்து, மூடியைக் கழற்றி, நினைவு அட்டை இரண்டையும் முறத்தில் பரப்பி அடுப்போரம் வாட்டினேன். "ஏங்க, அது என்ன கருவாடா?" என்றாள் சாரதா. திரும்ப மாட்டினால் அதே 4096. தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி சிவசாமி வந்து பார்த்து, "அட்டையோட பல்லுல களிம்பு ஏறியிருக்குலா. பென்சில் ரப்பரால தேய்ச்சு மாட்டு" என்கிறார். மாப்பிள்ளை, ரப்பரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? வகுப்பில் நான் எழுதிய எத்தனை 'ழ'வை அது தின்றிருக்கிறது! அதை நினைவின்மேல் தேய்த்தால் மிச்சப் பாதியும் போய்விடாதா? "எழுபத்திரண்டு வயசுல ரப்பருக்குப் பயப்படுற ஆளு நீ ஒருத்தன்தான்யா" என்று சிரிக்கிறார். ரப்பரைச் சட்டைப்பையில் வைத்துப் பட்டன் போட்டுவிட்டேன். வேலை கிடக்கட்டும், உடனே புறப்பட்டு வாருங்கள்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசி.

இப்படிக்கு,
மாமனார் ராமையா

பி.கு.: நான் குளிக்கப்போன நேரம் பார்த்துச் சாரதா ரப்பரை எடுத்துத் தேய்த்துவிட்டாள். 8192! உரையில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. வாசித்துக் காட்டினேன். கடிதத்தையும் வாசித்தேன். "இதுதாங்க நல்லாருக்கு, அதுல தூக்கம் வருது" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நீங்கள் வரவேண்டாம். தபால்தலை ஒட்டிவிட்டதால் கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன். கல்யாணத்தன்று மறக்காமல் கொண்டுவாருங்கள், இதைத்தான் வாசிக்கப்போகிறேன். சம்பந்தி காதில் விழக்கூடாது, அந்தக் கருவாட்டு வரியை மட்டும் ரப்பரால் தேய்த்துவிடுங்கள்.