அப்பீல் அண்ணாச்சிக்கு ஆகாத அல்வா

அப்பீல் அண்ணாச்சி மல்லுக்கட்டாமல் ஏற்றுக்கொண்ட வார்த்தை இந்தத் திருநெல்வேலியில் ஒன்றுகூடக் கிடையாது. கண்டக்டர் "உள்ள போங்க" என்றால் ஏன் என்பார். எங்கள் ஆபீசில் அதிகாரி உத்தரவு போட்டால் மை காயும் முன்னே எதிர்மனு கொடுப்பார்.

அவருக்குத்தான் வயிறு கெட்டது. மாசக்கணக்காகப் பேதி. வேட்டிக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. ரத்தமே இல்லை, நின்றால் மயக்கம். மதினி அழுது ஓய்ந்த பிறகு நான்தான் குடல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். டாக்டரம்மா சேலத்துக்காரர். ரத்தம் எடுத்தார், குழாய் விட்டுச் சிறுகுடலில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்.

"கோதுமை உங்க குடலுக்கு ஆகல. உள்சுவர் தேஞ்சுபோய், சாப்பிடற சத்து உடம்புல ஒட்ட மாட்டேங்குது. ஆயுசுக்கும் கோதுமை, மைதா, ரவை கூடாது."

"ஆயுசுக்குமா? ஆயுள் கைதிக்கே நடுவுல பரோல் உண்டும்மா!"

கத்தினாரே தவிர, சப்பாத்தியை விட்டார், பரோட்டாவை விட்டார். உப்புமாவைச் சந்தோஷமாகவே விட்டார். ஆனாலும் அடுத்த தடவை போனபோது எடை இன்னும் இறங்கியிருந்தது. டாக்டரம்மா குழம்பிப் போனார்.

"சாயங்காலம் என்ன சாப்பிடறீங்க?"

"அல்வாதான். சூடா, இலையில வச்சு."

"அல்வா எதுல செய்யறாங்க?"

நானும் அண்ணாச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்தில் நின்று தினமும் தின்ற எனக்கும் அது உறைக்கவில்லை. இந்த ஊரில் அல்வாவைக் கோதுமைக் கணக்கில் யார் சேர்த்தார்கள்?

"அது கோதுமைப் பாலும்மா! ஆட்டிப் புழிஞ்சு, சக்கையத் தூர எறிஞ்சிட்டுல்லா காய்ச்சுதான்!"

"உங்களுக்கு ஆகாதது அந்தப் பால்லயும் இருக்கு சார்."

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "அல்வா திங்காம பொழைச்சு, திருநெல்வேலிக்காரன்னு எங்கன போய்ச் சொல்லுததுக்கு?"

"இப்படியே தின்னா, சொல்றதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

வழியில் அல்வாக் கடைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் மனுஷன் நேரே வீட்டுக்கு நடந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் அல்வாக் கடை வாசலில் நிற்கிறார். அடப்பாவி என்று ஓடினேன். கையிலிருந்த இலையை என்னிடம் நீட்டினார்.

"தின்னும்வே. அந்தம்மா திங்கக் கூடாதுன்னுதான் சொல்லிச்சு. பாக்கக் கூடாதுன்னு சொல்லலைல்லா?"

இப்போது அண்ணாச்சி கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. எதிர்மனுக்கள் முன்னைவிட நீளம். தினமும் என்னைத் தின்னவைத்து, "நெய் தொண்டையில இறங்குதா வே?" என்று வாயையே பார்க்கிறார். சர்க்கரை வந்துவிடும் என்று வீட்டில் எனக்கு வசவு. வந்தால் வரட்டும். அண்ணாச்சி எதிரில் நின்று கேட்கிறவரைக்கும் நான் தின்பேன்.