ஒன்பது முறை ஓய்வு பெற்றவர்

உலகத்தில் ஓய்வு பெற்றவர்கள் உண்டு, ஓய்வு பெறாதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு, ஓய்வு பெற்றுக்கொண்டே இருப்பவர்கள். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்றாலும், நன்றாக விளைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் அடிலெய்டுக்கு, எங்கள் பேஸ்பால் கிளப்புக்கு வர வேண்டும். பதினான்கு வருடமாக அங்கே ஸ்கோர் எழுதுகிறவன் சொல்கிறேன், நம்புங்கள்.

எங்கள் ஆசாமியின் பெயர் கிரெய்க் பாஸ்கோ. வயது நாற்பத்தேழு. பதினெட்டு வயதில் அமெரிக்கா போய்க் கீழ்மட்ட லீக்கில் இரண்டு கோடை ஆடினார், திரும்பி வந்து ஆஸ்திரேலியாவுக்காக இரண்டே இரண்டு ஆட்டம் ஆடினார், அப்புறம் எங்கள் அணியில், ஃபர்ஸ்ட் பேஸ் என்கிற முதல் தளத்தைக் காத்து நின்றார். நன்றாகத்தான் ஆடினார், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவருடைய அசல் சாதனை அதற்குப் பிறகு. ஒன்பது வருடம், வருடம் தவறாமல் ஓய்வு பெற்றார்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவர் கடைசி ஆட்டம் முடிந்ததும், மட்டைக்காரர் நிற்கும் இடத்துத் தகட்டின் மேல் தன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, மார்ச் மாதத்து வெயிலில் வெறுங்காலோடு நடந்து போக வேண்டும். முதல் வருடம் கிரெய்க் அப்படிப் போனபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். மூன்றாம் வருடம்தான் கவனித்தேன், வைத்துவிட்டுப் போவது கிழிந்த ஜோடி. புது ஜோடி காரில், பெட்டி கூடப் பிரிக்காமல்! என்ன மனுஷனய்யா!

அக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கும்போது, "ஆள் குறையுதாமே?" என்று கேட்டுக்கொண்டே வருவார். குறையாது. "சரி, இந்த ஒரு ஆட்டம் மட்டும்" என்பார். அந்த ஒரு ஆட்டம் அடுத்த மார்ச் வரை நடக்கும்.

இதில் வயிறெரிந்தவர் மனோலி. கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை, முப்பத்தொரு வயது, அதே முதல் தளத்துக்காக ஆறு வருடமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவர் கேட்டதெல்லாம் அந்த ஓர் இடம். போன அக்டோபரில், கிரெய்க் வருவதற்கு முன்பே போய் அங்கே நின்றுகொண்டார்.

"மாப்ளே, கொஞ்சம் தள்ளு. இன்னிக்கு ஒரு நாள்தான்."

"ஆறு வருஷமா இதே ஒரு நாள்தானே? இன்னிக்கும் என்னை உட்கார வெச்சா, நேரா கிரிக்கெட் ஆடப் போயிடுவேன், ஆமா!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. எங்கள் கிளப்பில் எந்தக் கெட்ட வார்த்தையும் பேசலாம், அந்த வார்த்தை மட்டும் கூடாது.

மைதான ஓரத்து அடுப்பில் கிளப்புக்காக இறைச்சி சாசேஜ் சுட்டு, வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த கிரெய்கின் மனைவி லினெட் கரண்டியோடு வந்தாள். "கிரெய்க்! ஒவ்வொரு மார்ச்சும் உனக்காக அழுது அழுது எனக்குக் கண்ணே வத்திப்போச்சு. அவன் ஆடட்டும். நீ வந்து சாசேஜைப் புரட்டு!"

கிரெய்க் அந்தத் தளத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பொய் சொல்வானேன், எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு போய் சாசேஜைப் புரட்டினார். அன்றைக்கு எல்லோரும் கருகியதைத்தான் தின்றோம்.

மனோலி அந்தப் பருவம் முழுக்க ஆடினார், பிரமாதமாக ஆடினார். கடைசி ஆட்டமும் முடிந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தால், அந்த மகானுபாவன் மனோலி தகட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்!

"முட்டி வலிக்குதுப்பா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதோட போதும்னு தோணுது."

ஒரே ஒரு பருவம் ஆடிய ஆள்! கூட்டம் எழுந்து கைதட்டியது. கிரெய்க் இடுக்கியும் கையுமாக ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"அழுவாத மாப்ளே. மொத தடவை அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். விருந்துக்குப் போன வீட்டில் "சரி, கிளம்பறோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் முக்கால் மணி நேரம் பேசியது யார்? கோபித்துக்கொண்டு குடும்ப வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறிவிட்டு, யார் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று சாயங்காலம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தது யார்? நான் உங்களைச் சொல்லவில்லை. நானே வருகிற மார்ச்சோடு ஸ்கோர் எழுதுவதை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். சின்னதாக ஒரு விழா. நீங்கள் வந்து எனக்காகக் கொஞ்சம் அழுதுவிட்டுப் போங்கள். உங்கள் முறை வரும்போது, எத்தனையாவது முறையானாலும் சரி, நான் வந்து அழுகிறேன்.