வரிப் பாரத்தில் வாழ்க்கைப்பட்டவள்

கல்யாணம் நிச்சயமான ஆண்பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுக்கக் கூடாது. பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. மலாக்காவில் ஒரு ரப்பர் கம்பெனியில் எனக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை. மீசை முளைத்திருந்தது, மூளை பிறகுதான் வந்தது (வந்ததா என்று என் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்). சிரம்பானில் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். பெயர் கமலவேணி. காப்பித் தட்டை நீட்டும்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அந்த ஒரு பார்வையை நம்பி காஜா பெராங்கில் வீடு வாடகைக்கு எடுத்து, இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், ஒரு நிலைக்கண்ணாடி எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வருமான வரிப் பாரம் வந்தது. மனைவி இருந்தால் வரியில் கழிவு உண்டு என்பதால், மணமானவரா, மனைவியின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். பத்திரிகை அடித்தாகிவிட்டது, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, இன்னும் என்ன என்று நினைத்தேன். உண்மையில் அதைக்கூட நினைக்கவில்லை. மனைவி என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிப் பார்க்க வேண்டும் போல இருந்தது, எழுதிவிட்டேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தபாலில் சேர்த்தேன்.

அடுத்த வாரமே அவளுடைய தாத்தா, அப்பாவைப் பெற்றவர், காலமானார். துக்க வீடு, ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நிச்சயமான பெண்ணுக்குக் கடிதம் எழுதுவதெல்லாம் அந்தக் காலத்தில் ஆகாது. போய்ப் பார்ப்பது அதைவிட ஆகாது. சாயங்காலம் வேலை விட்டு வந்து, சாப்பிட்ட தட்டோடு சாப்பிடாத தட்டையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்கவும் வீட்டில் ஆள் இல்லை. ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம்.

பாரத்தைச் சுத்தமாக மறந்துபோனேன். வரி ஆபீஸ் மறக்கவில்லை. ‘திருமதி கமலவேணியை உம்முடைய மனைவி என்று காட்டியிருக்கிறீர், திருமணத்துக்கு அத்தாட்சியுடன் நேரில் வரவும்’ என்று இங்கிலீஷில் கடிதம் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குப் போய், கோயில் பக்கத்தில் பூ கட்டுகிறவரிடம், “அண்ணே, கல்யாணம் ஆனதுக்குக் கோயில்ல கடுதாசி தருவாங்களா?” என்று கேட்டேன்.

“தருவாங்க தம்பி. யாருக்குக் கல்யாணம் ஆச்சு?”

“இன்னும் ஆகல. ஆனா பொண்டாட்டி இருக்குன்னு கவர்மெண்ட்ல எழுதிக் குடுத்துட்டேன்.”

அவர் கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தார். (அப்போதே நான் வாயை மூடிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.)

கடைசியில் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வரி ஆபீஸுக்குப் போனேன். அதிகாரியின் மேசையில் ‘பிள்ளை’ என்று பெயர்ப்பலகை. அட, நம்மாள்! துணிச்சல் வந்துவிட்டது. தாத்தா, துக்கம், ஏக்கம் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கமாக ஒரு பிரசங்கமே செய்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாயா தாக் பாஹாம் தமிழ்,” என்றார். தமிழ் புரியாதாம்! தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் மலாக்காச் செட்டி அவர். நெற்றியில் விபூதி, வாயைத் திறந்தால் மலாய். மறுபடியும் முதலிலிருந்து மலாயில் ஆரம்பித்தேன். ஏக்கத்துக்கு மலாயில் என்ன என்று தெரியாமல் நெஞ்சைத் தடவிக் காட்டினேன். நெஞ்சு வலியாக்கும் என்று தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

பத்திரிகையைப் புரட்டிவிட்டு, “இது கூப்பிட்டதுக்குத்தான் அத்தாட்சி. நடந்ததுக்கு எங்கே?” என்று மலாயில் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும் காஜா பெராங்தான். உன் வீட்டைத் தாண்டித்தான் தினமும் போறேன். கொடியில ஒரு சேலைகூடக் காயலையே,” என்றார். என் மானம் அங்கேயே கப்பலேறிவிட்டது.

“இன்னும் தாலி கட்டல துவான்,” என்று ஒப்புக்கொண்டேன்.

தெரியாமல் செய்த தப்பு என்று அபராதம் போடாமல் விட்டார். ஆனால், கமலவேணி என் மனைவி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நிச்சயமான பெண்ணைப் பற்றி அப்படி எழுதினால் விளங்குமா? “கூட வரி வேணும்னாலும் கட்டுறேன் துவான், அதை மட்டும் எழுதச் சொல்லாதீங்க,” என்றேன். வெட்கக்கேடு, கண் கலங்கிவிட்டது. அவர் வேறொரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். “சரி, கல்யாணம் தள்ளிப்போயிருக்கு, அடுத்த வருஷம் நடக்கும்னு எழுது. அது போதும்,” என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் வருங்கால மாமனார் நின்றார். பூக்கடையில் கிளம்பிய செய்தி, சிரம்பான் போய்ச் சேர்வதற்குள் எனக்கு ஒரு குடும்பத்தையே அமைத்துக் கொடுத்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தவர், கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தார்.

“இன்னொரு தட்டு யாருக்குய்யா? பொண்டாட்டி இருக்கான்னு கவர்மெண்ட்டுக்கே எழுதிக் குடுத்திருக்கியாமே, யாரு அவ?”

“உங்க பொண்ணுதான் மாமா.”

“கிண்டலா பண்றே? இப்பவே நிச்சயத்தை முறிச்சுட்டுப் போயிடுவேன்!”

வரி ஆபீஸ் கடிதத்தை நீட்டினேன். ரயில்வேயில் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் தெரியும். தன் மகள் பெயருக்கு முன்னால் திருமதி என்று அச்சடித்திருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எங்கப்பா செத்ததுல என்னைவிட உனக்குத்தான்யா நஷ்டம் போல,” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மத்தியானம் என்னோடு சாப்பிட்டுவிட்டு, போகும்போது கடிதத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

கல்யாணம் அடுத்த வருஷம் நல்லபடியாக நடந்தது. கமலவேணி என்னிடம் பேசிய முதல் பேச்சே, “பாரத்துல என் பேரை என்னைக்கு எழுதுனீங்க?” என்பதுதான். சொன்னேன். “அப்ப எனக்கு அன்னையிலேருந்துதான் கணக்கு,” என்றாள். அப்பா கொண்டுவந்த கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்டினாளாம். அதுவரை ஏங்கியது நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

அதற்குப் பிறகு கல்யாண நாள் வந்தாலே வீட்டில் கூத்துதான். ஊர் சொல்வதைவிட ஒரு வருஷம் கூட்டித்தான் சொல்வாள். “அம்மா வரி ஆபீஸ் கணக்கு சொல்றாங்க,” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள், பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள்.

போன வருஷம் அவள் போய்விட்டாள். பேப்பரில் போட வேண்டிய அறிவிப்பை மகன் எழுதிப் படித்துக் காட்டினான். நாங்கள் எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம் என்று அதில் போட்டிருந்தான்.

“ஒண்ணு கூட்டிப் போடுய்யா,” என்றேன்.

அழுதுகொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கவர்மெண்ட்டே ஒத்துக்கலையேப்பா,” என்றான்.

“உங்கம்மா ஒத்துக்கிட்டாளே,” என்றேன்.